மழைமலையில் என் ஊசிகளைத் துடைத்தவருக்கு

ஏனுங்க என்று நான் கூப்பிட்டால் எந்த வேலையில் இருந்தாலும் திரும்பிப் பார்க்கிற என் அன்புக்குரியவருக்கு,

இன்று வெள்ளிக்கிழமை. ஊசிகளைத் துடைக்கிற நாள். வள்ளி பள்ளிக்கூடம் போய்விட்டாள். காந்திபுரத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த வரிசை வீட்டில், ஜன்னலோரமாக உங்கள் பழைய வேட்டியின் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் ஊசிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தெருமுனையில் டவுன் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு திரும்புகிறது. ஊசிகள் மெல்ல நடுங்கி அடங்குகின்றன.

இந்த ஊர்க் காற்றில் ஊசி அவ்வளவாகத் துருப்பிடிப்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை துடைத்தாலே போதும். ஆனாலும் நான் வாரம் தவறுவதில்லை. துடைக்கிற நேரத்தில்தான் நீங்கள் வந்து பக்கத்தில் உட்காருகிறீர்கள். சட்டையில் தேயிலைத் தூளின் வாசம், நகக்கண்ணில் கறுப்பு மசகு, எல்லாம் அப்படியே இருக்கின்றன. வருவது நீங்களா, வெயில் ஏறும் நேரத்து என் அரைத்தூக்கமா? நான் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. பார்த்தால் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்த மாதம் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். யார் படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் இப்படித் திறந்து எழுதுகிறேன். ஆனால் அதற்கு நான் மலையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் அறிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று சிரிக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாததும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

கல்யாணம் முடிந்த ஏழாம் நாள் என்னை வால்பாறைக்குக் கூட்டிப்போனீர்கள். பீளமேட்டு மில்லுச் சங்கு கேட்டு வளர்ந்தவள் நான். மலையைத் தூரத்து நீலமாகத்தான் பார்த்திருக்கிறேன். பஸ் சுற்றிச் சுற்றி ஏறியது. கண்டக்டர் பின்னால் திரும்பி, "கெட்டியாப் புடிச்சுக்கோங்க, கொண்டை ஊசி வளைவு வருது" என்றார். நீங்கள் என் காதோரம் குனிந்து, "உனக்குத்தான் ஊசின்னா உசுராச்சே அம்மணி, நாப்பது ஊசி இருக்குது பாத்துக்க" என்றீர்கள். குமட்டலை அடக்கிக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். நீங்கள் பேசி நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

ஊசி உயிர்தான் எனக்கு. எட்டாவதோடு படிப்பு நின்றபிறகு, எங்கள் தெருத் தையற்கடைக்கு ரவிக்கை ஹெம்மிங்கும் காஜாவும் கையால் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சீதனப் பெட்டியில் நான் ஆசையாக வைத்துக்கொண்டது கறுப்புக் காகிதத்தில் சுருட்டிய சீமை ஊசிகளைத்தான். எட்டு சன்ன ஊசி, இரண்டு கம்பளி தைக்கிற ஊசி, ஒரு கோணி ஊசி. நீங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். மாடு அளவுக்கு இருக்கும் இரும்பு உருளைகளைக் கழற்றி மாட்டுகிறவர். முதல் தடவை என் சன்ன ஊசியைக் கையில் வாங்கியபோது அது உங்கள் விரல்களுக்கு நடுவே காணாமல் போய்விட்டது. இரண்டுபேரும் தரையில் கவிழ்ந்து தேடினோம், ஞாபகம் இருக்கிறதா?

ஆனி பிறந்ததும் மழை பிடித்தது. கீழே நாங்கள் பார்த்த மழை வேறு. அது வந்து போகும். மலை மழை வந்து குடியிருக்கும். சுவர் வேர்த்தது. தீக்குச்சி நமுத்தது. பகலெல்லாம் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கேட்பார் கேள்வி இல்லாமல் கட்டிலில் படுத்துக்கொண்டது. உங்கள் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்து, ஊசியை அதிலேயே குத்தி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எடுத்தால் சட்டையில் பழுப்பாக ஒரு கோடு. ஊசியின் மேனி முழுக்கச் செம்புள்ளி. நான் அழுதேவிட்டேன்.

அன்று நீங்கள் பட்டறையில் இருந்து உப்புத்தாள் கொண்டுவந்தீர்கள். ஊசியை அதில் சுற்றி, திருகு திருகு என்று திருகினீர்கள். பளபளவென்று வந்தது. தைக்கப் போனால் ஒவ்வொரு குத்துக்கும் அது துணி இழையைப் பிடித்து இழுத்தது.

"ஏனுங்க, ஊசிய இப்படியா தேய்க்கறது? சுத்தித் தேச்சா மேல கோடு உழுந்துருமுங்க. அந்தக் கோடுதான் துணியப் புடிக்குது."

"பின்னெ எப்புடித் தேய்க்கோணும்?"

"நீளவாட்டுலீங்க. காதுல இருந்து மொனைக்கு. ஒரே பக்கமா."

"அட, எங்க ரோலர் மிஷினு கூட இத்தனை சட்டம் பேசாதே" என்றீர்கள். ஆனால் மறுநாளே பழைய உப்புத்தாளில் தேய்ந்து வழவழப்பான துண்டாகப் பார்த்துக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

அப்படித்தான் நமக்குள் அந்த வேலை ஒரு பழக்கமாயிற்று. உங்களுக்கு இரும்பு தெரியும், எனக்குத் துணி தெரியும். துரு இளக அரைநாள் சீமெண்ணெயில் ஊறப்போடுவது உங்கள் யோசனை. உப்புத்தாள் கடைசியில்தான், முதலில் சலித்த சாம்பலை ஈரத்துணியில் தொட்டு உருவ வேண்டும் என்பது என் பிடிவாதம். ஊசிக் காதுக்குள் இருக்கும் துருவை நான் பெரிதாக நினைத்ததில்லை. நூல் அடிக்கடி அறுந்ததற்கு அதுதான் காரணம் என்று கண்டுபிடித்தது நீங்கள். சாம்பல் தொட்ட முரட்டு நூலைக் காதில் கோத்து, வீணை மீட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தீர்கள். பிறகு முனையை நகத்தின்மேல் வைத்து லேசாக உருவிப் பார்ப்பேன். கீறினால் இன்னும் வேலை பாக்கி. வழுக்கினால் தயார். மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தொட்டு, உடனே துடைத்தும் விட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த துணியில் கறை.

எனக்குக் கை வேர்க்கும். அதை நீங்கள்தான் முதலில் கவனித்தீர்கள். "மழை பாதி, உன்ற கை பாதி" என்று சொல்லி, என் உள்ளங்கையை விரித்து, சலித்த சாம்பலைத் தூவி, உங்கள் துண்டால் துடைத்துவிட்டீர்கள். கோடை கழிந்து மீண்டும் வந்த பனிமூட்டத்துக்குள் நாம் இரண்டுபேர் மட்டும் மிதந்துகொண்டிருப்பது போல இருந்தது. அடுத்த லயத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது. யாராவது இருமினால்தான் உலகம் இருப்பதே நினைவுக்கு வரும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனுங்க. அதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சந்தோஷம்தான் எனக்கு வினையாயிற்று.

இரண்டாம் வருஷம் வைகாசியில் எனக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளைக்குத் தாய்வீடு போக வேண்டும். அண்ணன் கடிதம் எழுதியிருந்தார், வந்து கூட்டிப்போகட்டுமா என்று. நீங்கள் வானத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னீர்கள்.

"மழைக்கு முந்தி கீழ போயிரு அம்மணி. ரோடு நம்பற மாதிரி இல்ல. நாளைக்கே கொண்டுபோய் உட்டுப்போட்டு வாரேன்."

"அடுத்த வாரம் போறனுங்க" என்றேன்.

அடுத்த வாரம் வந்தது. மறுபடியும் அடுத்த வாரம் என்றேன். குழந்தைக்குப் பிளானல் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன், அது முடியட்டும் என்றேன். சட்டை என்றோ முடிந்துவிட்டது. உங்களை விட்டுப் போக மனசில்லை, அவ்வளவுதான். மூன்றாம் தடவை நீங்கள் கொஞ்சம் குரலை உயர்த்தினீர்கள். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டேன். "சரி சாமி, உன்ற இஷ்டம்" என்று விட்டுவிட்டீர்கள். அண்ணனுக்குப் பதில் எழுத உங்களைத்தான் சொன்னேன். 'அடுத்த வாரம் நானே அனுப்பி வைக்கிறேன்' என்று எழுதினீர்கள். வாக்கியம் நான் சொன்னது. கையெழுத்து உங்களுடையது.

அந்த வருஷம் மழை காத்திருக்கவில்லை. வைகாசி முடிவதற்குள்ளேயே மலைப்பாதையில் மண் சரிந்தது. பஸ் நின்றது. நான்கு நாள் கழித்து, எட்டாம் மாதம் பிறந்த கையோடு, காலையில் எனக்கு வலி கண்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியின் மருத்துவச்சி தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். பக்கத்து வீட்டுப் பொன்னாத்தா அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கப் போக வேண்டியவர், இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்திருந்தார். மத்தியானம் குழந்தை பிறந்தது. ஆண். அழவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். கூரைமேல் மழை மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

அந்தப் பிளானல் சட்டையை நீங்கள்தான் போட்டுவிட்டீர்கள். கைத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள் நடந்தீர்கள். பத்தடியில் உங்கள் முதுகு மறைந்துவிட்டது. எங்கே வைத்தீர்கள்? நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு காய்ச்சல். எத்தனை நாள் என்று தெரியாது. கண் விழித்தால் நீங்கள், கண் மூடினால் வெள்ளைப் பனி. கூந்தல் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டியது. ஷிப்டுக்குப் போகுமுன் நீங்களே எண்ணெய் தொட்டுச் சீவிவிடுவீர்கள். சீப்போடு வருகிற முடியை நான் பார்க்காதபடி கைக்குள் சுருட்டிக்கொள்வீர்கள். ஒருநாள் பொன்னாத்தா அக்கா சொன்னது காதில் விழுந்தது.

"பிட்டரய்யா, உழுந்த முடிய ஊட்டுல வெச்சுக்காதீங்க. ஆகாதுங்க. எங்க அந்தியூர்ப் பக்கமெல்லாம் அன்னன்னைக்கே வெளிய எறிஞ்சிருவாங்க."

"சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போனீர்கள்.

பாதை திறந்ததும் அண்ணன் வந்தார். நனைந்த வேட்டியோடு வாசலில் நின்றபடியே உங்களைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, அடுத்த வாரம் தாட்டி உடறேன்னு எழுதுனீங்களே, எந்த அடுத்த வாரமுங்க? உங்களுக்குச் சோறாக்க ஆளில்லைன்னு என்ற தங்கச்சியெ இங்கயே வெச்சுக்கிட்டீங்களா?"

நான் கட்டிலில் விழித்தபடி படுத்திருந்தேன். நீங்கள் ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் திறக்கும் அளவுக்கு உடம்பில் தெம்பு இருந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தப்புத்தானுங்க மச்சான். நாந்தான் யோசனையில்லாம இருந்துபோட்டேன்" என்று நீங்கள் சொன்னது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

ஏன் அப்படிச் செய்தேன்? எத்தனையோ வெள்ளிக்கிழமை இதைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். குழந்தை போனதற்கு நான்தான் காரணம் என்கிற எண்ணம் என்னைத் தின்றுவிடும் போல இருந்தது. அதை வாங்கிக்கொள்ள இன்னொருவர் கை நீட்டினார். கொடுத்துவிட்டேன். பிறகு அதுவே நிஜம் போல ஆகிவிட்டது. இவர்தானே கடிதம் எழுதினார் என்று நானே நினைக்க ஆரம்பித்தேன். உங்களோடு பேசுவதை நிறுத்தினேன். தைப்பதையும் நிறுத்தினேன். ஊசிப் பெட்டி அலமாரியின் எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அண்ணன் போகும்போது, "பொரட்டாசி பொறந்ததும் வாரேன் அம்மணி, ரெடியா இரு" என்று சொல்லியிருந்தார். போனால் திரும்பி வருவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

இதுதான் உங்களுக்குத் தெரியாதது. நான் உங்களை விட்டுப்போக இருந்தேனுங்க. ஓய்வுக்கு அல்ல. ஒரேயடியாக.

அண்ணன் வரவேண்டிய நாளுக்கு முந்தின காலையில் பெட்டி அடுக்கினேன். ஊசிகளையும் வைத்துவிடலாம் என்று தேடினால் பெட்டி இல்லை. எப்படியும் இரும்புத்தூளாகத்தான் போயிருக்கும், மூன்று மாதம் எடுக்காத ஊசி இந்த மழைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அது என்னுடையது. வாசலில் நின்ற பொன்னாத்தா அக்காவைக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா அம்மணி? தெனமும் டிபன் தூக்கோட சேத்து அவருதான எடுத்துட்டுப் போறாரு. பொழுதோட திருப்பிக் கொண்டாராரு. ஊசிக்கு என்ன பேக்டரில வேலைன்னு நாங்க சிரிச்சுக்குவோம்."

நான் அதுவரை தொழிற்சாலைக்குள் போனதில்லை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, சேறு வழுக்கும் பாதையில் மெதுவாக இறங்கினேன். உள்ளே அடுப்புச் சூடும் தேயிலை வாசமும் சேர்ந்து முகத்தில் மோதின. மாதக்கணக்கில் குளிர்ந்து கிடந்த என் எலும்பெல்லாம் இளகியது. இலையைக் காயவைக்கிற பெரிய டிரையரின் பின்பக்கம், சுவரோரம் ஒரு பலகை மேல் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். சாப்பாட்டு நேரம். தூக்கு திறக்கப்படாமல் பக்கத்தில் இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு சன்ன ஊசியைக் காதில் இருந்து முனைக்கு, நீளவாட்டில், ஒரே பக்கமாக உருவிக்கொண்டிருந்தீர்கள்.

நான் வந்ததை நீங்கள் பார்க்கவில்லை. மிஷின் சத்தம். நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன்? தேயிலைத் தூள் வெளிச்சத்தில் பொன்துகள் போல மிதந்தது. அதற்குள் உங்கள் பெரிய விரல்கள். கனவில்தான் நிற்கிறேனோ என்று கம்பளிக்குள் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

"ஏனுங்க."

உடனே திரும்பினீர்கள். அத்தனை சத்தத்திலும்.

"எதுக்கு அம்மணி எறங்கி வந்தே? வழுக்குமல்லொ" என்று பதறி எழுந்தீர்கள்.

"இது என்னுங்க வேலை?"

"ஊட்டுல வெச்சா துரு ஏறுது. இங்க டிரையர் சூட்டுல நல்லாக் காயுது. நீ எந்திரிச்சுத் தைக்கறப்ப ஊசி ஊசியா இருக்கோணுமல்லொ."

ஊசிகள் குத்தியிருந்த சின்னத் தலையணை போன்ற ஒன்றைக் கையில் எடுத்தேன். உங்கள் கிழிந்த காக்கிச் சட்டைத் துணி. கோணல் மாணலாகத் தைத்த தையல். அதை அழுத்தினால் பஞ்சு போலவும் இல்லை, தூள் போலவும் இல்லை.

"உள்ளுக்குள்ள என்னுங்க வெச்சிருக்கீங்க?"

நீங்கள் தயங்கினீர்கள். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட முகம்.

"உன்ற முடிதான். சீவறப்ப உழுந்தது. எறிய மனசு வல்லெ அம்மணி. அதுல எண்ணெய்ப்பசை இருக்குமல்லொ, ஊசிக்கு நல்லது. பொன்னாத்தா அக்காகிட்டச் சொல்லிப்போடாதே."

அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அந்தப் பலகையிலேயே உட்கார்ந்தேன். குழந்தை பிறந்த நாளில் வராத அழுகை அப்போது வந்தது. நீங்களும் அழுதீர்கள். வேலையாட்கள் மெதுவாக வேறு பக்கம் நகர்ந்துபோனார்கள். கொஞ்சம் அடங்கியபிறகு கேட்டேன்.

"அண்ணங்கிட்ட ஏனுங்க அப்படிச் சொன்னீங்க? தப்புப் பண்ணுனது நாந்தானுங்களே?"

"வேற என்னத்தச் சொல்றது? நீ கெடந்த கெடையில உன்னெக் கை காட்டச் சொல்றியா? உடு. சாப்பிடலாம் வா."

அந்தத் தூக்கில் இருந்த சோற்றை இரண்டுபேரும் சாப்பிட்டோம். அதற்குமேல் நாம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மறுநாள் அண்ணன் வந்தார். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள்தான் தடுத்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு, செருப்பை மாட்டியபடியே திரும்பிப் போனார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்று தள்ளினேன். இங்கேயும் எனக்கு ஓர் அடுத்த வாரம்.

வள்ளி வயிற்றில் இருந்தபோது ஐந்தாம் மாதமே கீழே இறங்கிவிட்டேன். அவள் நல்லபடியாகப் பிறந்தாள். அண்ணன் தாய்மாமனாக மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார், சீர் செய்தார், எல்லாம் குறையில்லாமல் செய்தார். உங்களிடம் மட்டும் தேவைக்கு ஒரு வார்த்தை. "வாங்க", "வாரேன்", அவ்வளவுதான். நீங்கள் வருஷம் தவறாமல் பொங்கலுக்கு அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினீர்கள். அவர் ஒரு தடவையும் பதில் போடவில்லை. "தபால் காணாமப் போயிருக்கும் அம்மணி" என்று எனக்கு நீங்களே சமாதானம் சொன்னீர்கள். எனக்குத் தெரியும், தபால் காணாமல் போகவில்லை.

போன ஐப்பசியில், காலை வேலைக்குப் போன நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய, ஜீப்பில் ஏற்றினார்கள். பொள்ளாச்சி போய்ச் சேருவதற்குள் நீங்கள் இல்லை. நான் உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தேன். எந்த வளைவில் போனீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கைச்சூடு கடைசிவரை இருந்தது போலத்தான் இருந்தது.

கோடித்துணியோடு வந்த அண்ணன் அன்றைக்கும் பெருமூச்சு விட்டுச் சொன்னார், "நல்ல மனுசந்தான். அன்னைக்கு மட்டும் யோசிச்சிருந்தா" என்று. அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை. எஸ்டேட் வீட்டை ஒப்படைத்துவிட்டு வள்ளியோடு இந்த ஊருக்கு வந்தபிறகும் திறக்கவில்லை.

இனி இந்த மாதம் நடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, அண்ணன் வள்ளிக்குப் பாவாடைத் துணி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தேன். வள்ளி மாமாவின் மடியில் சாய்ந்துகொண்டு எதையெதையோ கேட்டுக்கொண்டிருந்தவள், "மாமா, எங்கப்பாகூட நீங்க ஏனுங்க சரியாப் பேசவே இல்ல?" என்றாள்.

அண்ணன் அவள் தலையைத் தடவினார். "உங்கொப்பன் நல்லவருதான் கண்ணு. ஒரே ஒரு தப்புப் பண்ணிப்போட்டாரு."

வள்ளி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன தப்புங்கம்மா?"

அந்தப் பார்வை உங்களுடையது. அன்று அண்ணன் வாசலில் நின்று கேட்டபோது நீங்கள் என்னைப் பார்த்த அதே பார்வை. அண்ணனுடைய கோபம் அண்ணனோடு போய்விடும் என்று இத்தனை வருஷம் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். அது போகவில்லை. என் கண்ணெதிரே உங்கள் மகளின் மனசுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை. இதை நம்பித்தான் அவள் வளருவாள்.

ஊசியைக் குத்தி வைத்துவிட்டுச் சொன்னேன். "அப்பா ஒரு தப்பும் பண்ணல கண்ணு. அண்ணா, அவரு என்னெ மூணு தடவை கீழ போகச் சொன்னாருங்க. நாந்தான் அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொன்னேன். உங்களுக்கு எழுதுன கடுதாசியும் நான் சொல்லி எழுதுனதுதானுங்க. நீங்க திட்டுனப்ப முழிச்சுட்டுத்தான் படுத்திருந்தேன். எல்லாம் கேட்டுட்டுத்தான் பேசாம இருந்தேன்."

அண்ணன் வள்ளியை மடியில் இருந்து மெல்ல இறக்கிவிட்டார். அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"பதினோரு வருசமா?" என்றார். "பதினோரு வருசமா அந்த மனுசன் மொகத்தெப் பாத்து நான் ஒரு நல்ல வார்த்தை பேசலியே. சாகற வரைக்கும் பேசலியே. நீ பாத்துட்டுத்தான இருந்தே?"

"ஆமாங்கண்ணா."

"அவராச்சும் சொல்லியிருக்கலாமல்லொ?"

"அவரு சொல்ல மாட்டாருங்க."

எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். வள்ளி அழுதாள். நான் அழவில்லை. பயமாக இருந்தது, ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ ஒன்றை இத்தனை வருஷத்துக்குப் பிறகு கீழே இறக்கி வைத்தது போல இருந்தது. இனி அண்ணன் என் வீட்டுப் படி ஏற மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

நேற்று வந்தார்.

வாசலிலேயே நின்றார். கண்கள் வீங்கியிருந்தன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மணி, மாப்ளைக்கு வருசத் திதி வருதல்ல? அது என்ற ஊட்டுலதான் நடக்கோணும். நம்ம சனம் அத்தனை பேருக்கும் நானே போய்ச் சொல்றேன். சமையலுக்கு ஆள் பாத்துட்டேன்."  பிறகு துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு கேட்டார், "அவருக்கு என்ன புடிக்குமுன்னு எனக்குத் தெரியாதே அம்மணி. ஒருநாளும் கேக்கலியே. என்ன செய்யச் சொல்லட்டும்?"

கச்சாயம் பிடிக்கும் என்றேன். வெல்லம் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும் என்றேன். பருப்புக்கு நெய் கேட்காமலேயே இன்னொரு கரண்டி விட்டால் சந்தோஷப்படுவார், வாய்விட்டுக் கேட்க மாட்டார் என்றேன். அண்ணன் ஒவ்வொன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், பாடம் கேட்கிற பிள்ளை போல. சரிதானேங்க? ஏதாவது விட்டுவிட்டேனா?

இப்போது உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அன்றைக்கு உங்கள் பேரைச் சொல்லி இலை போட்டு, நம் இரண்டு பக்கத்துச் சனமும் கூடி உட்கார்ந்திருக்கும்போது, நான் எழுந்து நிற்பேன். அண்ணன் தலை குனியாதபடி, முதல் பந்திக்கு முன்னாலேயே சொல்வேன். போகச் சொன்னவர் அவர், போகாமல் இருந்தவள் நான் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். நாலுபேர் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லாதவள் நான். வார்த்தை வராமல் போய்விடுமோ என்றுதான் இங்கே ஒருமுறை முழுவதையும் எழுதிப் பார்த்துவிட்டேன். வந்துவிட்டது பாருங்கள்.

அடுத்த வாரம் என்று சொல்ல மாட்டேனுங்க.

இப்படிக்கு,
உங்கள் சம்சாரம்,
நம் இரண்டு பிள்ளைகளுக்கும் தாய்,
சரசு